எட்டாவது ஆணி

ஃப்ளோராவுக்குச் சந்தேகம் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் அவள் யாரையும் சந்தேகப்பட்டதே இல்லை என்று சொன்னால் ராயபுரத்தில் ஒரு ஆள் நம்பமாட்டார். மீன்காரியின் தராசை, பால்காரனின் சொம்பை, மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியாரின் ஞாபகசக்தியைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. ஆனால் அதெல்லாம் பொழுது போவதற்கு. இந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது தூக்கத்தைக் கெடுக்கிற சந்தேகம்.

மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரு மீன்பாடி வண்டி நுழைந்தால் நடக்கிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அவள் வீடு. வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வதுதான் அவள் தொழில். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளை பார்க்கிறவர்கள் பல பேர் உண்டு. பதிவு செய்து, சான்றிதழ் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறவள் அவள் ஒருத்திதான். ஒரு நேரத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரியை மட்டும் ஃப்ளோரா சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தாள்.

எட்டை மறக்காமலிருக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள். வாசலுக்கு நேரெதிரே இருந்த உள்சுவரில் எட்டு ஆணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு. எது யாருடையது என்று தெரிய அம்மாக்கள் மூலையில் ஒரு அடையாளம் தைத்திருப்பார்கள், குடை, மீன், ஏணி, ரோஜா என்று. காலையில் பிள்ளையோடு துண்டும் வரும், ஆணியில் ஏறும். சாயங்காலம் பிள்ளையோடு அதுவும் இறங்கிப் போகும். ஆக, சுவரில் எத்தனை துண்டு தொங்குகிறதோ அத்தனை பிள்ளை உள்ளே இருக்கிறது என்று கணக்கு. சந்தில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து, "இன்னா ஃப்ளோராக்கா, இன்னும் ஆறுதானா, மத்த ரெண்டு எப்ப வரும்?" என்று கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து கார்குழலி வந்தாள். சான்றிதழ் கொடுக்கிற இடத்தில் அவள்தான் ஆய்வாளர். முன்பெல்லாம் வருகிற தேதியைச் சொல்லிவிட்டு வருவாள். இந்தத் தடவை சொல்லவில்லை. செருப்பைக் கழற்றியவள், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பிள்ளைகளின் தலையை எண்ண ஆரம்பித்தாள்.

"ஒன்பது இருக்கே, ஃப்ளோராம்மா."

"மேடம், அது ஜானட்டோட பெரிய பொண்ணு. பள்ளிக்கூடம் இன்னிக்கு அரை நாளு. ஜானட்டு டூட்டி முடிஞ்சு வர வரைக்கும் தம்பியாண்ட குந்தினுகீது. யூனிபாரத்தைப் பாருங்க, ஏழு வயசுப் பொண்ணு மேடம்."

"வயசு எதுவா இருந்தாலும் கூரைக்குக் கீழ இருக்கிற தலையைத்தான் நான் எண்ணணும். கோயில் பின்பக்கம் அளவுக்கு மேல பிள்ளைங்களை வெச்சிருக்கறதா மனு வந்திருக்கு. வந்து பார்த்தா ஒன்பது. நான் என்ன எழுதட்டும்?"

"மனுவா? யாரு குடுத்தது?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

கார்குழலி எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். இன்னொரு முறை எட்டுக்கு மேல் இருந்தால் பதிவு ரத்து. ஃப்ளோரா கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு வருஷம். ஒன்பதாவது பிள்ளைக்கு இடம் கேட்டுக் கோயில் சாமியாரே சிபாரிசுக்கு ஆள் அனுப்பியபோதும் முடியாது என்றவள் அவள். அவள் மேல் மனு!

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யார், யார் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. புருஷன் சிலுவைமுத்துவுக்கு ஹார்பரில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை. எந்தப் பாரம் எந்தப் பக்கம் ஆடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவான். பெண்டாட்டியின் மனசு எந்தப் பக்கம் ஆடும் என்று மட்டும் இருபத்தெட்டு வருஷமாக அவனுக்குப் பிடிபடவில்லை.

"எவனோ வேலையத்தவன் போட்டிருப்பான், வுடு," என்றான்.

"வேலையத்தவனுக்கு எட்டுன்னு தெரியுமா? அளவு இன்னான்னு தெரிஞ்ச ஆளுதான் அளவுக்கு மேலன்னு எழுதும்."

அதில் நியாயம் இருந்ததால் அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

அடுத்த தெருவில் குப்பம்மா இருந்தாள். அவளும் பிள்ளை பார்க்கிறவள்தான், ஆனால் பதிவு கிதிவு எதுவும் கிடையாது. ஃப்ளோராவின் முதல் சந்தேகம் அவள் மேல். இரண்டாவது சந்தேகம், சந்துக்கு எதிர்ப்பக்கம் வலை விற்கிற கடையின் படியில் தினமும் நிற்கிற அந்தப் பெண் மேல்.

புர்கா போட்டு, முகத்தை மூடாமல், இருபத்தைந்து வயசுக்குள் இருக்கிற மெலிந்த பெண். வலைக்கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். இவள் ஏழரைக்கே வந்து பூட்டிய ஷட்டர் முன்னால் நிற்பாள். பிள்ளைகள் வந்து சேர்கிற நேரம் அது. நின்றபடி ஃப்ளோரா வீட்டு வாசலையே பார்ப்பாள். உதடு அசையும். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கும். எட்டாவது துண்டு ஆணியில் ஏறியதும் திரும்பி நடந்துவிடுவாள். ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு சிரிப்பு சிரித்ததில்லை.

"எண்ணிகினு கீறா, பாத்தியா?" என்றாள் ஃப்ளோரா, மகனை விட வந்த ஜானட்டிடம்.

ஜானட் நர்ஸ். ஒன்பதாவது தலை தன் மகளுடையது என்ற குற்ற உணர்ச்சியில் இருந்ததால், பழியை வேறு யார் மேலாவது இறக்கி வைக்க ஆள் கிடைத்ததும் உற்சாகமாகிவிட்டாள். "மெய்யாலுமே எண்றாக்கா! நான்கூட யாருக்கோ நிக்கிறான்னு நெனச்சேன். யாரோ செட் பண்ணி அனுப்பிச்சிகீறாங்க."

"நீ ஒரு தடவ அந்தப் பொண்ணாண்ட போய்க் கேட்டுடேன்," என்றான் சிலுவைமுத்து, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கேட்டா, ஆமாக்கா, நான்தான் உளவு பாக்குறேன்னு சொல்லிடுவாளா? நீ பேப்பரைப் படி."

கேட்டிருக்கலாம். சந்தைத் தாண்ட நாலைந்து அடிகூட இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்களுக்குக் கேள்வி கேட்பது பிடிக்காது. பதில் கிடைத்துவிட்டால் பிறகு எதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

ஃப்ளோரா கேட்கவில்லை, பின்தொடர்ந்தாள். சிலுவைமுத்துவுக்கு இரண்டாவது ஷிப்ட் இருந்த ஒரு நாள், அவனைப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே போனாள். அவள் வேகமாக நடந்து, கோயில் மதிலைச் சுற்றி, அடுத்த தெருவுக்குள் நுழைந்தாள். வாசலில் நீல டிரம் வைத்த, சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு வீட்டின் முன் நின்றாள். உள்ளே குனிந்து எதையோ பார்த்தாள். உள்ளேயிருந்து வந்தவள் குப்பம்மா. இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். குப்பம்மா அந்தப் பெண்ணின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

ஃப்ளோராவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டு சந்தேகமும் ஒரே வாசலில் கைகோத்து நிற்கும்போது இன்னும் என்ன சாட்சி வேண்டும்? எண்ணுகிறவள் இவள், எண்ண அனுப்புகிறவள் அவள். தன் பதிவு போனால் தன்னிடமிருக்கும் எட்டும் குப்பம்மாவிடம் போய்ச் சேரும்; அதுதான் திட்டம்.

"கண்ணால பாத்தேன்," என்று வந்து சொன்னாள்.

"இன்னாத்த பாத்த?"

"பேசிகினாங்க."

"பேசினா?" என்றான் சிலுவைமுத்து. அவன் மடியில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஃப்ளோரா அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இப்படி ஒன்றரை மாதம் போனது. பிறகு ஜூடி போனாள். ரோஜா தைத்த துண்டுக்காரி, மூன்று வயது. அவள் அப்பனுக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது. திங்கட்கிழமை காலை சுவரில் ஏழு துண்டுதான் ஏறியது.

எதிரே நின்றவள் முகம் மாறியதை ஃப்ளோரா பார்த்தாள். வழக்கமாகத் திரும்பிப் போகிற நேரம் தாண்டியும் அந்தப் பெண் போகவில்லை. மறுபடி எண்ணினாள், மூன்றாவது முறையும் எண்ணினாள். இரண்டு படி இறங்கிச் சந்துக்குள் காலை வைத்தாள், என்ன நினைத்தாளோ, பின்வாங்கினாள். கடைசியில் கிட்டத்தட்ட ஓடியே போனாள்.

"சேதி சொல்ல ஓடுறா," என்றாள் ஃப்ளோரா.

"ஒண்ணு கொறஞ்சதுல அவங்களுக்கு இன்னாக்கா சேதி?" என்றாள் ஜானட். பிறகு அவளே கண்டுபிடித்தாள். "அக்கா, உசாரு. இப்ப அவங்க ஆள் புள்ளையையே இங்க சேப்பாங்க. எட்டாவது அவங்களுது. அப்பால ஒரு நாளு இன்னொண்ண 'அஞ்சு நிமிசம் பாத்துக்கோ'ன்னு தள்ளிட்டு, ஆபீஸுக்குப் போனப் போடுவாங்க. ஒம்போது! முடிஞ்சிது கதை."

ஜானட் சொன்னது முட்டாள்தனம். ஆனால் ஒன்றரை மாதமாகத் தூக்கம் கெட்டவளுக்கு அது வேதவாக்கு மாதிரி விழுந்தது. மறுநாள் விடிந்ததும் ஃப்ளோரா பீரோவைக் குடைந்து, ஹார்பரில் சிலுவைமுத்துவுக்குக் கொடுத்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தாள். அதைச் சரி பாதியாக வெட்டி, ஒரு பாதியை எட்டாவது ஆணியில் மாட்டினாள்.

"என் துண்டு எங்கடி?" என்று குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

"கெடக்குது போ!"

ஏழரைக்கு அந்தப் பெண் வந்தாள். அன்றைக்கு அவள் இடுப்பில் ஒரு பையன். இரண்டரை வயது இருக்கும், எண்ணெய் வைத்து வாரிய தலை, புதுச் சட்டை. அவள் தோளில் ஒரு பச்சைத் துண்டு மடித்துப் போட்டிருந்தது. படியில் ஏறவில்லை, நேராகச் சந்தைக் கடந்து ஃப்ளோராவின் வாசலை நோக்கி வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு ஆரம்பித்திருந்தது.

ஃப்ளோரா கதவு நிலையில் கை வைத்து நின்றாள். வரட்டும்.

வாசலுக்கு இரண்டடி இருக்கும்போது அந்தப் பெண் ஃப்ளோராவின் தோளுக்கு மேலாகச் சுவரைப் பார்த்தாள். நின்றாள். உதடு அசைந்தது. கட்டைவிரல் கணுக்களில் ஏறியது. எட்டு. ஆரம்பித்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. ஃப்ளோராவின் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். பையன் மட்டும் அம்மாவின் தோளுக்கு மேலாக, உள்ளே விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போனான்.

"ஓடிட்டா பாத்தியா? நானா ஏமாறுவேன்?" என்றாள் ஃப்ளோரா. உண்மையைச் சொன்னால், அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் காலைச் சாப்பாடு ருசித்தது.

பதினோரு மணிக்குக் கார்குழலி வந்தாள். இந்தத் தடவையும் சொல்லாமல்தான். ஃப்ளோராவுக்குப் பயமில்லை. ஏழு பிள்ளைகள், மூன்று தூக்கத்தில், நான்கு விளையாட்டில். கார்குழலி தலைகளை எண்ணினாள். சுவரைப் பார்த்தாள். மறுபடியும் தலைகளை எண்ணினாள்.

"துண்டு எட்டு இருக்கு. எட்டாவது பிள்ளை எங்கம்மா?"

ஃப்ளோரா எட்டாவது ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். "அது... எங்க வூட்டுக்காரரு துண்டு மேடம்."

திண்டில் சாய்ந்திருந்த சிலுவைமுத்து நிமிர்ந்து, அப்போதுதான் தன் துண்டைக் கண்டான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

கார்குழலி அதை விட்டுவிட்டாள். சமையலறைக்குப் போய்ப் பால் பாத்திரத்தைத் திறந்து முகர்ந்தாள். அலமாரியில் மருந்து பாட்டில் இருக்கிறதா என்று துழாவினாள். மூன்று ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தாள்.

"எனக்குப் புரியலை. போன வாரம் இன்னொரு மனு வந்திருக்கு. அதுல இருக்கிற எதுவும் இங்க இல்லையே."

"மேடம், ஒன்றரை மாசமா செத்துகினு கீறேன். யாருன்னு சொல்ல வோணாம். இன்னா எழுதிகீதுன்னாவது படிங்க."

கார்குழலி யோசித்தாள். பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தாள். பெயர் இருந்த இடத்தை மடித்து மறைத்துவிட்டுப் படித்தாள்.

"'ஐயா, அம்மா. முதலில் ஒரு மனு போட்டேன். யாரும் வரவில்லை. மாதா கோயில் பின்பக்கம் பிள்ளை பார்க்கும் வீட்டில் ஒரே அறையில் பத்தொன்பது பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள். ஷீட் போட்ட வீடு. ஒரு ஜன்னல்தான். பதினொரு மணிக்குப் பாலில் சளி மருந்து கலந்து கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். என் மகன் சாயங்காலம் வந்தும் தூங்குகிறான். வேறு இடம் இல்லாததால் நானும் அங்கேதான் விடுகிறேன். விடாவிட்டால் எனக்கு வேலை இல்லை.'"

"இது என் வூடு இல்ல," என்றாள் ஃப்ளோரா மெதுவாக.

"கேளுங்க. 'பக்கத்துச் சந்தில் ஒரு அக்கா இருக்கிறார். எட்டுப் பிள்ளைக்கு மேல் எடுக்கமாட்டார். இடம் கேட்டேன். எட்டு துண்டு தொங்குது பார், ஏழு தொங்கினால் வா என்றார். நாலு மாதமாகத் தினமும் வேலைக்குப் போகும்முன் நின்று எண்ணுகிறேன். ஒரு நாளும் ஏழு ஆகவில்லை. அந்த அக்கா ஒன்பதாவது துண்டு மாட்டியதும் இல்லை. எல்லா வீட்டையும் அந்த அக்கா வீடு மாதிரி ஆக்கித் தாருங்கள்.'"

ஃப்ளோராவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாலு மாதம் முன்னால் ஒரு சாயங்காலம், சங்கரா மீனுக்குச் செதிள் தேய்த்துக்கொண்டிருந்தபோது கம்பிக் கதவுக்கு வெளியே ஒரு குரல் இடம் இருக்கா என்று கேட்டது. இறால் கம்பெனித் தொப்பியும் வாயை மூடிய மாஸ்க்குமாக யாரோ நின்றது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கத்தியால் சுவரைக் காட்டிச் சொன்ன வார்த்தைகள் அவை. ஆளை விரட்டுவதற்குச் சொல்கிற பேச்சு. வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்கிறவள்தான். ஒருத்தி அதை வாக்காக எடுத்துக்கொண்டு நாலு மாதம் நின்றிருக்கிறாள்.

"அந்த ஷீட் வூட்டுக்கு ஏன் மேடம் நீங்க போவல? என் வூட்டுக்கு ஏன் வந்தீங்க?"

கார்குழலிக்கு முகம் சிவந்தது. "கோயில் பின்பக்கம்னு போட்டிருந்தாங்க. ஆபீஸ் ரிஜிஸ்டர்ல இந்தப் பக்கம் ஒரே பேர்தான் இருக்கு. உங்க பேர்."

ஒழுங்காகப் பதிவு செய்தவள் வீட்டில் வந்து தலையை எண்ணுவார்கள். பதிவே செய்யாதவளை எண்ண ஆபீஸில் தாள் கிடையாது! வேறொரு நாளாக இருந்தால் ஃப்ளோரா இதை வைத்துக்கொண்டு கார்குழலியை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். இப்போது அவள் கண் கடிகாரத்தில் இருந்தது. பதினொன்று இருபது.

"எழுந்திருங்க மேடம். அந்த வூடு எனக்குத் தெரியும். வாசல்ல நீல டிரம்மு. யோவ், புள்ளைங்களைப் பாத்துக்கோ."

"இவர் பேரும் பதிவுல இருக்கா?" என்றாள் கார்குழலி, பழக்க தோஷத்தில்.

"உதவியாளர்னு போட்டுகீது, வாங்க!"

குப்பம்மாவின் வீட்டில் சத்தமே இல்லை. பத்தொன்பது பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அப்படி ஒரு அமைதியை ஃப்ளோரா பன்னிரண்டு வருஷத்தில் கேட்டதில்லை. ஷீட்டுக்குக் கீழே அனல் அடித்தது. பாயில் வரிசையாகப் பிள்ளைகள், ஒன்றின் காலடியில் இன்னொன்றின் தலை. ஓரத்தில், புதுச் சட்டையோடு அந்தப் பையன். அம்மா கொண்டுவந்த பச்சைத் துண்டைத் தலைக்கு மடித்து வைத்திருந்தது. ஃப்ளோரா அவன் கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலைக் கிள்ளினாள். வாயோரம் எச்சில் வழிந்தது, கண் திறக்கவில்லை.

"இன்னா குடுத்த?" என்று கத்தினாள்.

"சளிக்கு... கொஞ்சூண்டு." குப்பம்மா கார்குழலியின் கையிலிருந்த ஃபைலைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தாள். "இன்னிக்கு ஓயாம அழுதுச்சு. அந்த வூட்டுக்குப் போவணும் அந்த வூட்டுக்குப் போவணும்னு ஒரே கத்தல். அதனால இன்னொரு மூடி..."

ஃப்ளோரா பையனைத் தூக்கித் தோளில் போட்டாள். குப்பம்மா வாசலை மறித்தாள். பயம் போய் அவளுக்கு ஆத்திரம் வந்திருந்தது.

"நீ மட்டும் யோக்கியம், நான் கொலைகாரியா? எட்ட நீ எடுத்துகினு கதவை சாத்திடுவ. மீதி புள்ளைங்க எங்க போவும்? கடல்லயா போடுவாங்க? உன் வூட்டுலேந்து திருப்பி அனுப்புனதுங்க அம்புட்டும் இங்கதான் வருது, தெர்தா?"

ஃப்ளோரா பையனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கார்குழலி மற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்துக்கொண்டே, குப்பம்மாவின் போனிலிருந்து அம்மாக்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் பையனுக்குச் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நேரத்தோடு தூக்கி வந்தீர்கள் என்றார் டாக்டர். பெயர் கேட்டார்கள், ஃப்ளோராவுக்குத் தெரியவில்லை. நாலு மாதம் தன் வாசலுக்கு எதிரே நின்றவளின் பெயரும் தெரியாது, அவள் பிள்ளையின் பெயரும் தெரியாது.

இறால் கம்பெனித் தொப்பியும் மாஸ்க்குமாக அவள் ஓடி வந்தாள். கையெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்திருந்தது. "சுஃபியான்! சுஃபியான்!" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். தன் பெயர் ஜஸீமா என்று நர்ஸிடம் சொன்னாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த அந்தக் கண்களைப் பார்த்ததும் ஃப்ளோராவுக்கு மீன் தேய்த்த அந்தச் சாயங்காலம் மறுபடி வந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பையன் முனகினான், கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அழுதார்கள். ஜஸீமா ஃப்ளோராவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அல்லா உங்களை நல்லா வெக்கணும்க்கா. நீங்க இல்லன்னா..." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். "நேத்திக்கு ஏழுதானே இருந்திச்சு? ராவெல்லாம் குந்தி இவனுக்குத் துண்டு தெச்சேன். காலீல பாத்தா எட்டு. யாருக்கா புதுசா சேந்தது?"

ஒரு பொய் போதும். யாரோ வந்தார்கள், சேர்த்துக்கொண்டேன் என்றால் முடிந்தது. ஃப்ளோராவின் வாய்வரைக்கும் அது வந்தது.

"யாரும் சேரல. நான்தான் சும்மா மாட்டுனேன்."

"இன்னாத்துக்கு?"

"உனக்காவதான். நீ உள்ள வரக் கூடாதுன்னு. நீ என்ன மாட்டி வுடத்தான் எண்றேன்னு நெனச்சேன்."

ஜஸீமா அவள் கையை விட்டாள். கோபப்படவில்லை, சாபம் விடவில்லை. கட்டில் ஓரம் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பையன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஃப்ளோரா வீட்டுக்கு நடந்தாள்.

குப்பம்மாவின் வீட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை ஏழரைக்கு வலைக்கடைப் படியில் பதினோரு பெண்கள் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். எல்லார் கண்ணும் சுவரில், வெள்ளைத் துண்டை இறக்கியபின் காலியாக இருந்த எட்டாவது ஆணி மேல். ஒருத்தி கெஞ்சினாள், ஒருத்தி திட்டினாள், இருந்த இடத்தையும் கெடுத்துவிட்டாயே என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஃப்ளோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கார்குழலி மேடத்திடம் இன்னும் நாலு வீட்டுக்குப் பதிவு வாங்கித் தரச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னாள். அது இன்றைக்கு வேலைக்குப் போகவேண்டியவளுக்கு எந்த விதத்திலும் உதவாது என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆணியை மட்டும் யாருக்கும் தரவில்லை.

"அதுக்கு ஆளு கீது," என்றாள்.

இரண்டு நாள் போனது. மூன்று நாள் போனது. ஜஸீமா வரவில்லை. ஃப்ளோரா ஏழு துண்டோடு உட்கார்ந்து, காலையில் எதிர்ப்படியைப் பார்ப்பதும் விரலை மடக்குவதுமாக இருந்தாள்.

நாலாவது நாள் வந்தாள். படியில் நிற்கவில்லை. பையனை இறக்கிவிட்டாள், அவன் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினான். பச்சைத் துண்டை அவளே கொண்டுபோய் எட்டாவது ஆணியில் மாட்டினாள். மூலையில் சிவப்பு நூலில் கப்பலா இஸ்திரிப் பெட்டியா என்று சொல்ல முடியாத ஒன்று தைத்திருந்தது.

"கப்பலா?" என்றாள் ஃப்ளோரா.

ஜஸீமா துண்டுகளின் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து, தூங்குகிற பிள்ளை, விளையாடுகிற பிள்ளை, மூக்கொழுகுகிற பிள்ளை என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலும் பார்த்தாள். சுஃபியானின் தலையில் வந்து எட்டு என்று முடித்தாள்.

ஃப்ளோரா ஒதுங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டுக்குள் நுழைந்து ஆபீஸ் மேடம் தவிர இன்னொருத்தி இப்படித் துழாவுவதைப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் பொறுத்துக்கொண்டதில்லை.

"சரியா கீதா?" என்று கேட்டாள்.

ஜஸீமா மாஸ்க்கைக் காதில் மாட்டினாள். "இன்னிக்கு சரியா கீது," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.